கோஸை விடுங்கள், கையைக் கவனியுங்கள்

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு 46 வயது. நாங்கள் அரியாங்குப்பத்தில் இருக்கிறோம். அவர் தினமும் பைக்கில் கடலூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறார். பிரான்ஸிலிருந்து லீவுக்கு வந்த என் கொழுந்தனார் வீட்டில் முட்டைக்கோஸையும் பேக்கன் என்ற பதப்படுத்திய பன்றிக்கறியையும் சேர்த்து வறுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். சீக்கிரம் ஆகிவிடுகிறது, பிள்ளைகளும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று வாரம் ஒரு தடவை செய்கிறேன். இப்போது வாட்ஸ்அப்பில், கோஸுக்குள் இருக்கும் புழு கொதித்தாலும் சாகாது, மூளைக்கு ஏறிவிடும் என்று வீடியோ வருகிறது. பேக்கன் கேன்சர் வரவழைக்கும் என்கிறார்கள். எனக்குத் தைராய்டு, கோஸே ஆகாதாமே? சாப்பிட்டால் கேஸ் வேறு. கணவர் பிரஷருக்கு மாத்திரை போடுகிறார். இரண்டு மாதத்தில் இரண்டு தடவை அவருடைய வலது கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது, ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது. நரம்புத் தளர்ச்சி என்று மெடிக்கலில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் பூச்சி மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். தினம் ஒன்றாக ஒரு வாரம் கொடுத்தால் போதுமா?

— ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: அம்மா, அந்தப் பூச்சி மாத்திரையை உங்கள் கணவருக்குக் கொடுக்காதீர்கள். ஒன்றுகூட வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் கை.

கோஸ், பேக்கன், கேன்சர், தைராய்டு, கேஸ் என்று எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதிவிட்டு, கை இழுத்ததைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மனதுக்குள் இருக்கும் பயம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கை இழுக்காமல் இருந்திருந்தால், அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பீர்கள்.

நினைவு தப்பாமல் இருக்கும்போதே ஒரு கையோ, ஒரு காலோ, முகத்தின் ஒரு பக்கமோ சீராக வெட்டி வெட்டித் துடித்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நின்றுபோனால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை வலிப்பு என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். வலிப்பு என்றால் கீழே விழுந்து, நுரை தள்ளி, நாக்கைக் கடித்துக்கொள்வது மட்டும்தான் என்று நினைக்கிறோம். மூளையில் ஒரு சின்ன இடம் மட்டும் கிளர்ந்தால், அந்த இடம் ஆட்டிவைக்கும் உறுப்பு மட்டும்தான் ஆடும். வலது கை இழுத்தால் பெரும்பாலும் இடது பக்க மூளையைத்தான் பார்க்க வேண்டும்.

அவரிடம் சில விஷயங்கள் கேளுங்கள். இழுப்பு விரலில் தொடங்கி முழங்கை, தோள் என்று மேலே ஏறியதா? நின்ற பிறகு கொஞ்ச நேரம் கை சோர்ந்துபோய், காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் இருந்ததா? அந்த நேரம் பேச்சு குழறியதா, வாய் ஒரு பக்கம் கோணியதா? சமீபத்தில் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் ஏதாவது உண்டா? பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பாதி பரிசோதனை அதிலேயே முடிந்துவிடும். மறுபடியும் இழுத்தால், பதறாமல் போனில் வீடியோ எடுங்கள். வீட்டுக்காரர்கள் வாயால் சொல்வதைவிட அந்த ஒரு நிமிட வீடியோ நரம்பியல் டாக்டருக்கு எவ்வளவோ உதவும்.

"நரம்புத் தளர்ச்சி" என்ற நோய் மெடிக்கல் கடையில்தான் இருக்கிறது. எங்கள் புத்தகத்தில் இல்லை. சத்து மாத்திரை தீங்கு ஒன்றும் செய்திருக்காது, ஆனால் இரண்டு மாதத்தைத் தின்றுவிட்டது.

நாளைக் காலையிலேயே அழைத்துப் போங்கள். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, அங்கே நரம்பியல் பிரிவு உண்டு. உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். மூளை ஸ்கேன், முடிந்தால் எம்.ஆர்.ஐ., மூளையின் மின்னலைகளைப் பதியும் ஒரு இ.இ.ஜி., கூடவே ரத்தத்தில் சர்க்கரையும் சோடியமும் பார்ப்பார்கள். பிரஷர் மாத்திரையில் சிலது சோடியத்தைக் குறைக்கும், அது ரொம்பக் குறைந்தாலும் வலிப்பு வரும், அதனால் அவர் போடும் மாத்திரை அட்டையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை வைத்துக்கொண்டு மூளைக்குள் என்ன இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. பன்றி நாடாப்புழுவின் குட்டி மூளையில் தங்கி உண்டாக்கும் நீர்க்கட்டியாக இருக்கலாம். காசநோய்க் கட்டி, பழைய சிறு பக்கவாதத்தின் வடு, வேறு கட்டி என்று பட்டியல் நீளும். நம் ஊரில் பெரியவர்களுக்குப் புதிதாக வரும் வலிப்புக்கு நீர்க்கட்டியும் காசநோய்க் கட்டியும் அடிக்கடி காரணமாக இருக்கின்றன; இரண்டுக்குமே நல்ல சிகிச்சை இருக்கிறது.

டாக்டர் சொல்லும்வரை பைக் ஓட்டக் கூடாது. கடலூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே, ஆக்ஸிலரேட்டரைத் திருகும் அதே வலது கை ஒரு நிமிடம் இழுத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கம்பெனியில் மெஷின் பக்கம், ஏணி மேல் நிற்கிற வேலை என்றால் அதையும் கொஞ்ச நாள் தள்ளி வைக்கட்டும். கிணறு, கடல் குளியலும் வேண்டாம்.

உடம்பு முழுக்க இழுத்து நினைவு தப்பினால், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு, சாவிக்கொத்து, வாயில் ஸ்பூன், தண்ணீர் எதுவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளிவதற்குள் அடுத்தது வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். இழுப்பு இல்லாமல் திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுந்து, வாய் கோணி, பேச்சு குழறினாலும் உடனே 108 தான். அது பக்கவாதமாக இருக்கலாம். அடைப்பைக் கரைக்கும் ஊசியைச் சுமார் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

இனி பூச்சி மாத்திரைக்கு வருவோம். அல்பெண்டசோல் கெட்ட மருந்து இல்லை. ஒன்று முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் குடற்புழு நீக்க நாளில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இந்த மாத்திரையைக் கொடுக்கிறார்கள், வயிற்றுப்புழுவுக்கு நல்லது. ஆனால் மூளைக்குள் நாடாப்புழுவின் நீர்க்கட்டி இருக்கிறவர் கதை வேறு. அந்தக் கட்டி உயிரோடு இருக்கும்வரை வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். சாகத் தொடங்கும்போதுதான் உடம்பு அதை அடையாளம் கண்டுகொண்டு சண்டைக்குப் போகும், சுற்றிலும் வீக்கம் வரும், வலிப்பு வரும். நீங்கள் ஒரு வாரம் தொடர்ந்து மாத்திரை கொடுத்து எல்லாக் கட்டிகளையும் ஒரே நேரத்தில் கொன்றால், அத்தனையும் ஒன்றாக வீங்கும். மண்டையோட்டுக்குள் வீங்குவதற்கு இடம் கிடையாது. அதனால்தான் ஸ்கேனில் எத்தனை கட்டி, எங்கே, என்ன நிலையில் என்று பார்த்து, கண்ணுக்குள்ளும் கட்டி இருக்கிறதா என்று பரிசோதித்து, வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டைச் சேர்த்துத்தான் இதே மாத்திரையை நாங்கள் கொடுப்போம். சிலருக்குக் கொடுப்பதே இல்லை, வலிப்பு மாத்திரை மட்டும்தான். அதையும் இழுப்பு நின்றுவிட்டது என்று நடுவில் நீங்களாக நிறுத்தக் கூடாது.

அந்த வீடியோவில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் தொல்லை. பன்றி நாடாப்புழுவின் குட்டிப் பருவம் மனிதர்களின் மூளைக்குப் போவது நிஜம். ஆனால் அது கோஸுக்குள் பிறக்கிற புழு இல்லை. கோஸை நறுக்கும்போது நீங்கள் பார்க்கிற சின்னப் பச்சைப்புழு, வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. கோஸ் இலையைத் தின்று வாழும் அதற்கு உங்கள் மூளையில் வேலை இல்லை. வாணலியில் விழுந்தால் வெந்துபோகும். பார்க்க அருவருப்பு, அவ்வளவுதான்.

நாடாப்புழு வேறு வழியில் வரும். நீர்க்கட்டி உள்ள பன்றிக்கறியைச் சரியாக வேகாமல் தின்றவர் குடலில் நாடாப்புழு வளரும். அவருடைய மலத்தில் முட்டைகள் வெளியேறும். அந்த முட்டை கழுவாத கையிலும், கழிவுநீர் பாய்ந்த தோட்டத்துக் காய்கறியிலும், தண்ணீரிலும் ஒட்டி இன்னொருவர் வாய்க்குள் போனால்தான் மூளையில் நீர்க்கட்டி உண்டாகும். அதாவது பன்றிக்கறியைத் தின்றவரின் வயிற்றில் புழு. அவர் கை கழுவாமல் பரிமாறியதைத் தின்றவரின் மூளையில் கட்டி. தன் குடலில் இருக்கும் புழுவின் முட்டையே தன் கை வழியாகத் தன் வாய்க்குப் போவதும் உண்டு. வாழ்நாளில் கறியே தொடாத சைவர்களுக்கும் இந்த நோய் வருகிறது என்றால் காரணம் இதுதான். முட்டை உள்ளே போய்க் கை இழுப்பதற்குள் பல மாதம், பெரும்பாலும் பல வருடம் ஆகிவிடும். ஆகவே நீங்கள் வாரா வாரம் வறுத்துக் கொடுத்த கோஸால்தான் இப்படி ஆனதோ என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

உண்மையில் உங்கள் சமையல்தான் பாதுகாப்பானது. வெந்த கோஸில் எந்த முட்டையும் பிழைக்காது. "கொதித்தாலும் சாகாது" என்பது சுத்தப் பொய். எனக்குக் கவலை பச்சைக் கோஸ்தான்: கடையில் ஃப்ரைடு ரைஸ் மேலும் நூடுல்ஸ் மேலும் கடைசியில் ஒரு கைப்பிடி அள்ளித் தூவுகிறார்களே, அது. பிள்ளைகளுக்கு அதை ஒதுக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யும்போது வெளி இலை இரண்டு மூன்றை உரித்துப் போட்டுவிட்டு, கோஸைப் பிளந்து இலைகளைப் பிரித்து ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். முழுக் கோஸை உப்புத் தண்ணீரில் முக்கி வைத்தால் அடுக்குக்குள் தண்ணீர் சரியாகப் போவதில்லை. பேக்கனைப் பார்த்தால் வெந்தது போலத் தெரியும், ஆனால் உப்பும் புகையும் போட்டிருப்பதால் வரும் நிறம் அது. கோல்டு ஸ்டோரேஜில் வாங்குவது பெரும்பாலும் பச்சைக்கறிதான். ஆறிய வாணலியில் துண்டுகளைப் பரப்பி, சிறு தீயில் வையுங்கள். வெள்ளைக் கொழுப்பு முதலில் கண்ணாடி போலாகி உருகும், பிறகு ஓரம் பொன்னிறமாகச் சுருளும். அதுவரை பொறுங்கள், நடுவில் இளஞ்சிவப்பாக, வழவழவென்று விடாதீர்கள். உள்ளே 70 டிகிரி தாண்டிய கறியில் நீர்க்கட்டி பிழைக்காது. உருகிய கொழுப்பில் பாதியை வடித்துவிட்டு, மீதியில் வெங்காயம், கோஸ், மிளகு போட்டு வதக்கினால் போதும். தனியாக எண்ணெய் வேண்டாம். பச்சை பேக்கன் தொட்ட கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெள்ளரிக்காய் நறுக்க எடுக்காதீர்கள்.

உப்பும் போடாதீர்கள், இறக்கும்போது சுவை பார்த்துக்கொள்ளலாம். பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கு நான் இந்தத் தட்டில் ஆட்சேபிப்பது பேக்கனின் உப்பைத்தான். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்து கிராமுக்குள் உப்பை வைக்கச் சொல்கிறது. நம் வீட்டுக் குழம்பும் ஊறுகாயுமே அதைத் தாண்டிவிடும், அதன் மேல் பேக்கன் வேறு. அவருக்கு மாதம் ஒன்றிரண்டு தடவை, இரண்டு துண்டு போதும்.

கேன்சர் விஷயம்: 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. தினமும் தின்பவருக்கான கணக்கு அது. எப்போதாவது இரண்டு துண்டு தின்பவர் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் தைராய்டுக்கு, வேகவைத்த கோஸால் ஒன்றும் ஆகாது. அயோடின் உப்பு போடுகிற வீட்டில் அளவாகச் சாப்பிடும் கோஸைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, காபிக்கு முன் அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் விடுகிறீர்களா என்பதைப் பாருங்கள், அதுதான் முக்கியம். கேஸ் வருவது கோஸின் குணம். பெருங்குடலில் இருக்கும் கிருமிகள் அதன் சர்க்கரையைப் புளிக்க வைக்கின்றன. கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுங்கள்.

ஸ்கேனில் நீர்க்கட்டிதான் என்று உறுதியானால், வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். சமைப்பவர் என்ற முறையில் உங்களுக்கும் சேர்த்துத்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், யார் வயிற்றிலாவது நாடாப்புழு இருந்தால் மருந்து கொடுத்து அதை வெளியேற்றிவிடலாம். யாருக்காவது மலத்தில் வெள்ளையாக, பட்டையாகத் துண்டுகள் வந்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள்.

வாங்கி வைத்த பூச்சி மாத்திரையையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். என் பதில் வருவதற்குள் அவர் ஒன்றிரண்டு போட்டுவிட்டிருந்தால், எந்தத் தேதியில் எத்தனை என்று மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் திட்டினால் திட்டட்டும்.