நியூ ஸ்ட்ரீட்டில் இணைப்பு ரயில் தவறியது: இழப்பீடு மறுப்புக்குப் பதில்

முதல் ரயில் பிந்தியதால் இங்கிலாந்தின் பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட் நிலையத்தில் அடுத்த ரயிலைத் தவறவிட்டதாகவும், இழப்பீட்டை ரயில் நிறுவனம் மறுத்ததாகவும் கேட்டிருந்தீர்கள். "முதல் ரயில் 9 நிமிடம்தான் தாமதம், இழப்பீடு கிடையாது" என்று வந்த பதிலை அப்படியே விட்டுவிடாதீர்கள். டிலே ரீபேயில் (பிரிட்டிஷ் ரயில் நிறுவனங்களின் தாமத இழப்பீட்டுத் திட்டம்) கணக்கு, கடைசி நிலையத்துக்கு எவ்வளவு பிந்திப் போய்ச் சேர்ந்தீர்கள் என்பதுதான். நீங்கள் 64 நிமிடம் பிந்தியிருக்கிறீர்கள். ஒருவழிக் கட்டணம் முழுவதும் வரவேண்டும். 30 நிமிடத்தைத் தாண்டினாலே பாதி உண்டு.

பெரும்பாலும் இடறுவது இணையப் படிவத்தில்தான். முதல் ரயிலை மட்டும் தேர்ந்தெடுத்தால் கணினி அந்த 9 நிமிடத்தைப் பார்த்துத் தள்ளிவிடும். புறப்பட்ட நிலையம், போய்ச் சேர்ந்த நிலையம் இரண்டையும் போட்டு, 'இணைப்பு தவறியது' என்று குறியுங்கள். ஒரே பயணத்தை இரண்டு டிக்கெட்டாகப் பிரித்து வாங்கியதால் உரிமை போகாது. அதுவும் ஒரே பயணம்தான். இரண்டு டிக்கெட்டையும் ஒரே கோரிக்கையில் இணையுங்கள், தொகை இரண்டின் கூட்டுக்கு.

ஒன்றைச் சரிபாருங்கள்: பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட்டில் ரயில் மாறக் குறைந்தது 12 நிமிடம் இருக்கவேண்டும். நீங்களே 8 நிமிட இடைவெளியில் கோத்திருந்தால் வழக்கு பலவீனம்தான்.

கோரிக்கை தாமதத்தைத் தொடங்கிவைத்த முதல் ரயில் நிறுவனத்துக்கே, 28 நாளுக்குள். மேல்முறையீட்டில் உண்மையில் வந்துசேர்ந்த நேரங்களை எழுதுங்கள். ரியல்டைம் டிரெயின்ஸ் தளத்தில் நிமிட வாரியாக இருக்கும், இன்றே திரைப்பிடிப்பு எடுத்துவிடுங்கள். மறுபடியும் மறுத்தால் 'இதுவே இறுதிப் பதில்' என்று எழுத்தில் கேட்டு வாங்கி ரயில் ஆம்பட்ஸ்மனிடம் (பயணிகளின் புகார்களைத் தீர்க்கும் சுயேச்சை அமைப்பு) போங்கள், கட்டணமில்லை.