ஆடுனது ரோடா, ஹாண்டிலா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 21 வயசு, சத்தியமங்கலம் பக்கம் கிராமம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சுட்டு ஒரு வருஷமா வேலை தேடிட்டு இருக்கேன். ஆறு மாசமா வீலி, அதான் பைக்கு முன்சக்கரத்தைத் தூக்கிட்டு ஓட்டறது, பழகறேன். எங்க வீட்டுல இருக்கறது அப்பாச்சி 200. செகண்ட் கியர்ல கிளட்ச்ச விட்டுத் தூக்கறேன், சக்கரம் நல்லாவே ஏறுது, ஆனா வண்டி ஒத்தச் சக்கரத்துலயே நிக்கற பேலன்ஸ் பாயிண்ட் வர்றதுக்கு முன்னாடி பயத்துல ஆக்சிலேட்டர விட்டுடறேன், வண்டி டமார்னு கீழ வந்துடுது. கூட ஆரம்பிச்ச பசங்க ரெண்டு பேரு இப்ப ஒரு லைட் கம்பத்துல இருந்து அடுத்த கம்பம் வரைக்கும் ஒத்தச் சக்கரத்துலயே போறாங்க, என்னைய வீடியோ எடுத்துக் கிண்டல் பண்றாங்க. காலைல அப்பாவும் அம்மாவும் மல்லி பறிச்சு அந்த வண்டியிலதான் மார்க்கெட்டுக்குக் கொண்டு போறாங்க, அதனால எனக்கு சாயங்காலம்தான் வண்டி கிடைக்குது, பழக நேரமே பத்தல. ஹாண்டில் வேற இப்ப லேசா ஆடற மாதிரி இருக்கு, அப்பா கூட ஒரு நாள் கேட்டாரு, ரோடு சரியில்லன்னு சொல்லிட்டேன். இந்தப் பயம் போறதுக்கு என்ன பண்றது? என் மேல எனக்கே நம்பிக்கை போயிருச்சு.
(பேர் வேண்டாம்)

பதில்: தம்பி, உன் பயத்தைப் பத்தி கடைசில பேசலாம், பேசாமலும் போகலாம். வருஷக்கணக்கா இந்தப் பக்கத்துக்கு பதில் எழுதறேன், வண்டி மாறுது ஊரு மாறுது, அதே கிண்டல் பண்ற ரெண்டு ஃப்ரெண்ட்ஸ், அதே "என் மேல எனக்கே நம்பிக்கை இல்ல". அதுக்கு ஆறுதலா நாலு வார்த்தை எதிர்பாக்கறேன்னா வேற பக்கம் போ, நான் உன் லெட்டர்ல ஒரே ஒரு வரியில மாட்டிக்கிட்டு நிக்கறேன்.

"அப்பா கூட ஒரு நாள் கேட்டாரு, ரோடு சரியில்லன்னு சொல்லிட்டேன்."

இதை நீ எழுதுன இடத்தைப் பாரு. பழக நேரம் பத்தலைன்னு குறை சொல்லிட்டு வர்றப்ப, போற போக்குல, சட்டையில பட்டன் போயிருச்சுங்கற மாதிரி எழுதிட்டு அடுத்த வரிக்குப் போயிட்ட. உன் கேள்வி அது இல்ல. என் பதில் அது மட்டும்தான்.

எங்க வீட்டுக்காரர் கோபிசெட்டிபாளையத்துல 30 வருஷம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வெச்சிருந்தவர், மதியம் சோறு கொண்டு போயிட்டு அங்கயே உக்காந்திருப்பேன், அதனால இதெல்லாம் எனக்கு யாரும் புதுசா சொல்லித் தர வேண்டியதில்ல. ஒரு பையன் நாலு மாசத்துல மூணாவது தடவை கோன் செட், அதான் ஹாண்டில் திரும்பறதுக்கு வண்டிக் கழுத்துல இருக்கற குண்டும் வளையமும், போயிருச்சுன்னு வண்டியத் தள்ளிட்டு வந்தான். இவரு கழட்டி, மண்ணெண்ணெய்ல கழுவி, அந்த இரும்பு வளையத்தை துணியில தொடச்சு என் கையில குடுத்தாரு. பாத்தா பளபளன்னு நல்லாத்தான் இருந்துச்சு. "நகத்தை வெச்சு சுத்திப் பாரு"ன்னாரு. சுத்துனேன். நகம் மாட்டுச்சு, விட்டுச்சு, மாட்டுச்சு, விட்டுச்சு. ஆணிய வெச்சு அடிச்ச மாதிரி வரிசையா குழி, ஒவ்வொண்ணும் கடுகுல பாதி இருக்கும், அவ்வளவுதான். முன்சக்கரம் மேலருந்து வந்து தரையில அடிக்கறப்ப அந்த அடி, சக்கரத்தைப் புடிச்சிருக்கற ஃபோர்க் வழியா ஏறி கழுத்துல இருக்கற அந்தக் குண்டுக மேலதான் எறங்குது, குண்டு வளையத்துல குழி பறிக்குது. அதுக்கப்பறம் ஹாண்டில் நேரா இருக்கறப்ப அந்தக் குழியில போய் உக்காந்துக்கும், லேசா திருப்பலாம்னு பாத்தா திரும்பாது, கொஞ்சம் அழுத்துனா டக்குனு தாண்டி அதிகமா திரும்பிடும், கூடவே லூசும் சேந்துருச்சுன்னா பிரேக் புடிக்கறப்ப டக் டக்னு ஒரு ஆட்டம். இவரு ஸ்பேனரக் கீழ வெச்சுட்டு அந்தப் பையன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: "தம்பி, முன்னாடி தூக்கறயா?" பையன் செருப்பைப் பாத்தான். அதுக்கப்பறம் அந்த வண்டிய இவரு தொடவே இல்ல.

நான் சொல்லி நீ தெரிஞ்சுக்க வேண்டிய விஷயமா இது? டிப்ளமோ மெக்கானிக்கல்னு நீயேதான் எழுதிருக்க. ஆறு மாசமா முன்சக்கரத்தை டமார் டமார்னு போட்டுட்டு, ஹாண்டில் ஆடுதுன்னா காரணம் என்னன்னு தெரியாதவனா நீ? தெரியும். தெரிஞ்சுதான் ரோட்டு மேல பழி போட்ட. தெரியாம சொல்லிருந்தா அது முட்டாள்தனம், நான் சிரிச்சுட்டு விட்டிருப்பேன், இது அது இல்ல.

இன்னொண்ணு யோசி. உங்கப்பா உன்னைய சந்தேகப்பட்டுக் கேட்டாருன்னு நினைக்கறயா? உன் லெட்டரைப் படிச்சா அவருக்கு வீலி கீலி ஒண்ணும் தெரியாதுன்னு தோணுது. வீட்டுல மெக்கானிக்கல் படிச்ச பையன் இருக்கான், வண்டியில ஏதோ ஆடுது, அவன்கிட்ட கேட்டாருடா! அவ்வளவுதான் நடந்துருக்கு. மூணு வருஷம் பூ வித்துப் படிக்க வெச்ச படிப்பை நம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. நீ ரோடுன்ன, அவரும் சரி ரோடுதான் போலன்னு விட்டுட்டாரு. படிச்சவன் சொல்றானே. வேலை குடுக்கலாமா வேண்டாமான்னு கம்பெனிக்காரன் உன்னைய இண்டர்வியூ பண்றது இருக்கட்டும், உன் படிப்புக்கு வந்த மொதல் நிஜமான வேலை அதுதான், அதுல நீ பொய் ரிப்போர்ட் குடுத்துட்ட.

இப்ப அந்த வண்டியில என்ன போகுதுன்னு உனக்கு ஞாபகப்படுத்தறேன். எனக்குத் தெரிஞ்ச ஊருதான், நெறைய பாத்துருக்கேன். விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே தலையில லைட்டு கட்டிட்டு தோட்டத்துல எறங்குவாங்க, மொட்டு விரியறதுக்குள்ள பறிச்சாகணும். பறிச்சு மூட்டை கட்டி, டேங்க் மேல ஒண்ணு, உங்கம்மா மடியில ஒண்ணு, ஏலத்துக்கு நேரமாச்சுன்னு கொஞ்சம் வேகமாத்தான் போவாங்க, முகூர்த்த நாள்னா கேக்கவே வேண்டாம். பண்ணாரி ரோட்டுல அந்த நேரம் எப்படி இருக்கும்? அதே ரோட்டுல மேல ஏறுனா வர்ற திம்பம் மலையில ராத்திரி வண்டி விடறதில்ல, காலைல 6 மணிக்குத்தான் தொறக்கறாங்க, ராத்திரி பூரா காத்துக் கிடந்த வண்டிக அங்கிட்டும் இங்கிட்டும் ஒண்ணா கெளம்பி வரும். அதுல ஒரு லாரிக்காக உங்கப்பா சட்டுனு ஒதுங்கணும். ஒதுங்கறப்ப ஹாண்டில் குழியில உக்காந்திருக்கு.

பின்னாடி ஆளும் லோடும் ஏறுனா மொத்த வெயிட்டுல முன்சக்கரத்துக்கு வர்ற பங்கு கொறைஞ்சுடும், இதையும் நீ படிச்சிருப்ப. அதாவது நீ சாயங்காலம் ஆசைப்பட்டுத் தூக்கற அதே முன்சக்கரம், காலைல உங்கம்மா உக்காந்ததும் அந்தப் பங்கு கொறைஞ்சுதான் ரோட்டுல ஓடுது, ஆடுற வண்டிக்கு அதுக்கு மேல என்ன வேணும். நீ தூக்கறப்ப நீ ஒருத்தன்தான், அதுவும் காலி ரோடு. ஆட்டம் முழுசா வர்றப்ப அந்த வண்டி மேல இருக்கப் போறது நீ இல்ல.

ஸ்டண்ட் பண்றவங்களை நான் கேவலமா பேசல, அது ஒரு வித்தைதான். ஆனா நெசமா அதைத் தொழிலா பண்றவன் வண்டியப் பாத்துருக்கயா? பின்னாடி செயின் ஓடற பல்சக்கரம் பெருசா, சுத்தி இரும்புக் கூண்டு, வால்ல மல்லாந்து விழாம இருக்க ஒரு கம்பி, பின் பிரேக்குக்கு கையில தனி லிவர். வண்டி செங்குத்தா நின்னா இன்ஜின் ஆயில் பின்னாடி ஓடிடும், இழுக்கற எடத்துல ஆயில் இருக்காதுன்னு அதுக்கும் ஏற்பாடு பண்ணி வெச்சிருப்பான். கிளட்ச் பிளேட்ட மாத்திக்கிட்டே இருப்பான், சொந்தக் காசுல. முக்கியமா, காலைல அந்த வண்டியில அவங்கம்மாவ உக்கார வெச்சு மார்க்கெட்டுக்கு அனுப்ப மாட்டான். உன் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் யாரு வண்டியில தூக்கறாங்கன்னு நீ எழுதல, அதுவும் அவங்கப்பா வண்டியாத்தான் இருக்கும்.

சட்டம் சொல்லி உன்னைய பயமுறுத்தறதுல எனக்குப் பெருசா நம்பிக்கை இல்ல, சுருக்கமா சொல்லிட்டுப் போறேன். ஆபத்தா ஓட்டுனா மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவுல மொதல் தடவைக்கே 6 மாசத்துல இருந்து 1 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி 1,000-ல இருந்து 5,000 ரூபா வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேத்தும் போடலாம். 2023 செப்டம்பர்ல காஞ்சிபுரம் பக்கத்துல சென்னை–பெங்களூரு ஹைவேல வீலி பண்ணி விழுந்த யூடியூபர் கதை உனக்கு என்னைய விட நல்லாத் தெரியும், கை ஒடைஞ்சு, ஜெயிலுக்குப் போயி, லைசென்ஸ் 10 வருஷத்துக்குப் போச்சு. ஆனா எனக்கு உறுத்தறது அதே சட்டத்துல 133-வது பிரிவு. யாராவது உன்னைய வீடியோல பாத்துப் புகார் குடுத்தா, வண்டி யாரு பேருல இருக்கோ அவரைத்தான் கூப்புடுவாங்க, அன்னைக்கு ஓட்டுனது யாருன்னு சொல்ல வேண்டியது அவரோட பொறுப்பு. பூ மார்க்கெட்டைத் தவிர வேற ஆபீஸ் படி ஏறாத மனுஷன் ஸ்டேஷன்ல நின்னுட்டு உன் பேரை அவர் வாயால சொல்லணும்.

நான் பழைய காலத்து ஆளு, எங்க வீட்டுல அப்பா கேட்டா பதில் சொல்லுவோம், பொய் சொன்னா கூட சோறு எறங்காது. 21 வயசுல வேலை இல்லாம இருக்கறது குத்தமே இல்ல, அதுக்காக உன்னைய நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா உன் லெட்டர் மொத்தத்துலயும் அந்தத் தோட்டத்துல நீ இல்லயே சாமி! அவங்க பறிக்கறாங்க, அவங்க கொண்டு போறாங்க, உனக்கு சாயங்காலம்தான் வண்டி கிடைக்குது, அதுவும் பத்தல. வேலை கிடைக்கற வரைக்கும் மூட்டைய நீ கொண்டு போனா அந்த அம்மா வீட்டுல ஒரு மணி நேரம் தூங்குவாங்க. இதெல்லாம் ஒருத்தர் எழுதித்தான் தெரியணுமா.

சரி, பயம். பயத்துல ஆக்சிலேட்டர விடறேன்னு எழுதிருக்க. அப்படித் திடுதிப்புனு விடறதாலதான் வண்டி அந்த அடி அடிக்குது, எப்படி மெதுவா எறக்கறதுன்னு எனக்கும் தெரியும், சொல்லித் தர மாட்டேன். அந்தப் பயம் போக வழியும் சொல்ல மாட்டேன். உனக்கு இருக்கறது தப்பான எடத்துப் பயம், ரெண்டு பசங்க சிரிக்கறதுக்கு இருக்கற பயத்துல கால்வாசி ஹாண்டில் ஆடறதுக்கு இருந்திருந்தா எனக்கு இந்த லெட்டரே வந்திருக்காது. ட்ராக்ல ஓட்டற ஆசை இருந்தா வேலைக்குப் போனதுக்கப்பறம் கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வேல ரேஸ் நடக்கறப்ப போய் பாரு. ஓடறதை விடு, ஓடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வண்டியவும் நிறுத்தி ஆட்டி அசைச்சு செக் பண்ணித்தான் உள்ள விடுவாங்க, அதைப் பாரு.

உன் லெட்டர்ல போன் நம்பர் இல்ல. இருந்திருந்தா இத்தனை எழுதிட்டு இருக்க மாட்டேன், அன்னைக்கே கூப்பிட்டிருப்பேன். இதைப் படிச்ச உடனே வண்டிய ஓட்டாத, தள்ளிட்டுப் போ. இன்ஜினுக்கு அடியில கட்டை குடுத்து முன்சக்கரத்தைத் தூக்கச் சொல்லு, ஒத்த விரல்ல ஹாண்டில அந்தக் கடைசில இருந்து இந்தக் கடைசிக்குத் தள்ளு, நடுவுல எங்க நிக்குதுன்னு பாரு. ஃபோர்க்கோட அடிய ரெண்டு கையிலயும் புடிச்சு முன்னும் பின்னும் ஆட்டு. ஃபோர்க் ஆயில் சீல்கிட்ட ஈரம் இருக்கா, வீல் நெளிஞ்சிருக்கா, செயின் தொங்குதா, எல்லாம் பாரு. சும்மா நட்டை டைட் வெச்சுக் குடுன்னு கேக்காத, குழி விழுந்த வளையம் டைட் வெச்சா இன்னும் மோசமாத்தான் புடிக்கும், செட்டையே மாத்து. செலவுக்கு அவங்ககிட்ட கேக்காத, உன் போனை வித்தாவது கட்டு.

வண்டி ரெடியாகற வரைக்கும் அவங்க ரெண்டு பேரையும் பஸ்ஸுல ஏத்து, மூட்டைய நீ தூக்கிட்டுக் கூடப் போ.

கழட்டுன பழைய வளையத்தை மெக்கானிக்கிட்ட கேட்டு வாங்கிக்க. வீட்டுக்குக் கொண்டு போயி உங்கப்பா கையில குடு, நகத்தை வெச்சு சுத்திப் பாருங்கன்னு சொல்லு. ராத்திரி இருட்டுல மொட்டு எது இலை எதுன்னு தடவிப் பாத்தே பறிக்கற விரல் அது, நீ ஒண்ணும் விளக்க வேண்டியிருக்காது. அவரு என்ன சொல்றாரோ அதை நின்னு கேட்டுக்க.