அக்காவின் பங்கை எடுத்துக்கொண்டவர் காணிக்கை வைத்தால் பாவம் தீருமா?

கேள்வி: மேலூர்ப் பக்கம் அப்பா விட்டுப்போன வயல், பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனம். பட்டா மாற்றத்துக்கு என்று பொய் சொல்லி, அக்கா தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். அதிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் வருவதில்லை. சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கும் போவதில்லை. இந்த அறுப்பின் பண்டிகையில் பெரிய காணிக்கையாக வைத்தால் சரியாகுமா ஐயா?

பதில்: சரியாகாது தம்பி. ஆனால் நீங்கள் தொலைந்துபோன ஆளும் இல்லை.

ஜெபிக்க வாய் வரவில்லை என்கிறீர்களே, ஏசாயா 59:2 சொல்வது அதைத்தான்: நம் அக்கிரமங்களே நமக்கும் தேவனுக்கும் நடுவே பிரிவினை உண்டாக்குகின்றன. விலகிப்போனது யார் என்று பாருங்கள். ஏதேனில் கனியைத் தின்றதும் ஆதாமும் ஏவாளும்தான் மரங்களுக்குள் ஒளிந்தார்கள். தேவனோ தேடி வந்து, "நீ எங்கே இருக்கிறாய்" என்று கூப்பிட்டார். நீங்கள் சபைப்பக்கம் வராததும் அந்த ஒளிதல்தான்.

பாவத்தின் சம்பளம் மரணம் (ரோமர் 6:23). அந்த மரணத்தைக் கிறிஸ்து நமக்காகச் சிலுவையில் ஏற்றுக்கொண்டார். இரட்சிப்பு கிருபையினால் விசுவாசத்தைக் கொண்டு வருவது, கிரியைகளினால் அல்ல (எபேசியர் 2:8, 9). பண்டிகைக் காணிக்கை ஏலத்துக்கு ஆட்டுக்கிடாயையே கொடுத்தாலும் அது கிறிஸ்து செய்ததன் இடத்தை நிரப்பாது.

அப்படியானால் அக்காவுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாமா? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். லூக்கா 19-ல் வரும், வரி வசூலிப்போரின் தலைவனான சகேயுவைக் கவனியுங்கள். உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு முதலில் சொன்னார். அதன் பிறகே அவன் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருவதாகச் சொன்னான். அபகரித்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொன்னது மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணம் (லேவியராகமம் 6:5). அவன் அதையும் தாண்டினான். மன்னிப்புக்கு விலையாக அவன் கொடுக்கவில்லை. இயேசு வீட்டுக்கு வந்ததும் அந்தப் பணத்தை அவனால் வைத்திருக்க முடியவில்லை.

அதனால் இன்றைக்கே தனியாக உட்கார்ந்து, "அக்காவை ஏமாற்றினேன்" என்று செய்ததைச் செய்தபடியே அறிக்கையிடுங்கள். "நான் பாவி, ஆண்டவரே" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி நழுவ வேண்டாம். அறிக்கையிட்டால் மன்னிக்கிறார் (1 யோவான் 1:9). பிறகு அக்கா வீட்டுக்குப் போங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர் இயேசுதான் (மத்தேயு 5:23, 24). "பழசை மறந்துடுக்கா" என்று மழுப்பாதீர்கள். "பட்டாவுக்குன்னு பொய் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன்க்கா" என்று சொல்லுங்கள். அவர் பங்கைச் செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்து கொடுங்கள். இத்தனை காலம் கண்ட விளைச்சலிலும் அவருக்குப் பங்கு உண்டு. போகுமுன் உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். பல வீடுகளில் இந்தக் காரியம் அங்கேதான் நின்றுபோகிறது.

அக்கா கதவைச் சாத்தினாலும் பத்திரத்தை எழுதிவிடுங்கள். அவர் மனசு ஆற நாளாகலாம், உடனே மன்னிக்கச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை இல்லை. தேவனுடைய மன்னிப்பு அக்காவின் மன்னிப்புக்காகக் காத்திருப்பதில்லை. உங்கள் ஆயரிடம் முழுவதையும் சொல்லிவிட்டுத் திருவிருந்துக்குப் போங்கள்.