வாசகர் கேள்வி – பதில்: அலைக்குப் பின் கரை

சென்ற இதழில் நாகை மாவட்டத்துச் சுனாமி குடியிருப்புகளைப் பற்றி ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களைப் படித்தபோது, அந்தச் சுருக்கம் போதாது என்று தோன்றியது. ஆகவே இம்முறை பிற கேள்விகளை ஒதுக்கிவைத்து, 2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்ததையும் அதன் பிறகு கரையோரக் குடும்பங்கள் எழுந்து நின்ற விதத்தையும் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

சுமத்ராவுக்கு அருகே காலை ஆறரை மணிக்கே நிலம் அதிர்ந்துவிட்டது. அலை நாகப்பட்டினத்தை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரம் இருந்தும் ஏன் யாரும் விலகிச் செல்லவில்லை என்று பள்ளியில் படிக்கும் என் மகள் கேட்கிறாள். என்ன சொல்வது?
— வாசகர், தஞ்சாவூர்

அந்த இரண்டு மணி நேரம் இருந்தது உண்மை; அப்படி ஒரு நேரம் இருக்கிறது என்பதைக் கரையில் இருந்தவர்களிடம் சொல்ல ஆள் இல்லை. பசிபிக் பெருங்கடலுக்கு அப்போதே எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அத்தகைய அமைப்பு எதுவும் இல்லை. சென்னையில் பலர் நில அதிர்வை உணர்ந்தார்கள் என்றாலும், அதற்கும் கடலுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ‘சுனாமி’ என்ற சொல்லையே நம்மில் பெரும்பாலோர் அன்று மாலைதான் முதன்முதலாகக் கேட்டோம்.

உங்கள் மகளுக்குப் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு கிராமத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். செய்தியைக் கேட்டு அவர் ஊருக்குத் தொலைபேசியில் பேச, ஊர் மக்கள் அங்கிருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து, அனைவரையும் மேட்டுப் பகுதிக்கு அனுப்பினார்கள். படகுகளும் வலைகளும் போயின, மனிதர்கள் பிழைத்தார்கள். ஒரு தொலைபேசி அழைப்பும் ஓர் ஒலிபெருக்கியும் இருந்த ஊருக்கும், அவை இல்லாத ஊருக்கும் இடையே இருந்த வேறுபாடு அவ்வளவுதான் என்பதை எண்ணும்போது இன்றும் என் மனம் ஆறுவதில்லை. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களில் 6,000க்கும் மேற்பட்டோர் அன்றைய நாகை மாவட்டக் கரையில் இறந்தவர்கள்.

இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் மிகுதியாக இருந்ததற்கும் காரணம் உண்டு. அன்று ஞாயிற்றுக்கிழமை, பள்ளி இல்லை. படகுகள் கரை திரும்பும் நேரமாதலால், மீன் எடுத்து விற்கும் பெண்கள் கரையில் காத்திருந்தார்கள். பிள்ளையைத் தேடிக் கடலை நோக்கி ஓடிய தாய்மார்கள் பலர். சேலையும் கூந்தலும் சீமைக்கருவேல முள்ளில் சிக்கி மீள முடியாமற் போனவர்களைப் பற்றி ஊருக்கு ஊர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் அலைக்குப் பின் கடல் வெகுதூரம் உள்வாங்கித் தரை தெரிந்தபோது, அந்த அதிசயத்தைக் காணவும், வீட்டில் விட்டுவந்ததை எடுக்கவும் திரும்பிச் சென்றவர்களை அடுத்த அலை கொண்டுபோயிற்று.

நடுக்கடலில் கட்டுமரத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று என் தாத்தா சொல்லுவார். நம்ப முடியவில்லையே?
— வாசகி, சிதம்பரம்

தாத்தா சொன்னதை நம்பலாம். ஆழ்கடலில் இந்த அலை மணிக்கு எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தாலும் அதன் உயரம் மிகக் குறைவு. மேலே மிதக்கும் மரத்தில் இருப்பவருக்கு வழக்கமான ஏற்ற இறக்கத்திலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. ஆழம் குறையும் இடத்தில்தான் அலையின் வேகம் தணிந்து, நீர் மேலெழுகிறது. ஆகவே மீன்பிடிப்பு முடித்து மீனோடு திரும்பியவர்கள், தங்கள் ஊர் இருந்த இடத்தில் ஊரைக் காணாமல் திகைத்தார்கள். நாம் கடலில் இருந்ததால் பிழைத்தோம், வீட்டில் இருந்தவர்கள் போய்விட்டார்கள் என்ற எண்ணம் அந்த ஆண்களில் பலரை நெடுநாள் தொழிலுக்குப் போகவிடாமல் செய்தது.

என் பெற்றோருக்கு நாகை அருகே சுனாமி குடியிருப்பில் வீடு கிடைத்தது. கான்கிரீட் வீடு, மின்சாரம், குடிநீர் எல்லாம் உண்டு. ஆனால் அப்பா விடிந்தால் பழைய ஊருக்குப் போய்விடுகிறார். இடிந்த வீட்டுச் சுவரருகே உட்கார்ந்து வலை பின்னிவிட்டு இருட்டிய பிறகே திரும்புகிறார். கொன்ற கடலையே போய்ப் பார்த்துக்கொண்டிருக்கலாமா? பாதுகாப்பான வீட்டை மதிக்காதது தவறில்லையா?
— வாசகர், சென்னை

உங்கள் தந்தையிடம் நான் எந்தத் தவறையும் காணவில்லை. ஆனால் உங்கள் கவலையும் பொய்யல்ல என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அலை வந்த சில வாரங்களில் எழுந்த முதல் பெரிய கேள்வி, இம்மக்களை மறுபடி கரையில் குடியமர்த்தலாமா என்பதுதான். 2005 மார்ச் 30 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட 172 ஆம் எண் அரசாணை அதற்கு விடை சொன்னது. கடல் ஏற்றத்தின்போது நீர் வந்து தொடும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீட்டை இழந்தவர்கள் அதற்கு அப்பால் வரச் சம்மதித்தால், ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள புதிய வீடு இலவசமாகக் கட்டித்தரப்படும். சம்மதிக்காதவர்கள் தம் செலவில் பழுதுபார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம், ஆனால் அரசின் உதவி கிடைக்காது. கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் உயிர்ப் பாதுகாப்பும் இதற்கு அடிப்படையாகச் சொல்லப்பட்டன. அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. புதிய மனையின் பட்டாவைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் தந்தது, கரையோரப் பெண்கள் அதற்கு முன் கண்டிராத ஒரு நன்மை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த விடையில் விடுபட்டுப்போனது மீன்பிடித் தொழிலின் இயல்பு. வாடையா, கச்சானா, கொண்டலா, சோழகமா என்று காற்றைப் பார்த்து, நீரின் நிறத்தையும் போக்கையும் பார்த்து, இன்றைக்கு வலை எடுக்கலாமா என்று முடிவு செய்பவருக்கு வீட்டு வாசலிலிருந்து கடல் தெரிய வேண்டும். பின்னிரவில் புறப்படும்போது எஞ்சினையும் வலையையும் சுமந்து ஒரு கிலோமீட்டர் நடக்க இயலாது; கரையில் விட்டுவைத்தால் களவு போகும் என்ற அச்சம் உறங்கவிடாது. மீனைக் காயவைக்க மணல் வேண்டும், வெயில் வேண்டும், காவலுக்குக் கண்ணெதிரே வீடு வேண்டும். அடுத்தடுத்து வரிசையாகக் கட்டப்பட்ட ஏறத்தாழ 300 சதுர அடி வீட்டில் இவற்றில் எதற்கும் இடம் இல்லை. இதைவிட ஆழமான அச்சமும் ஒன்று இருந்தது. புதிய வீட்டுக்காகப் பழைய மனையை விட்டுக்கொடுத்துவிட்டால், நாளை அந்தக் கரை உல்லாச விடுதிகளுக்கும் பிறருக்கும் போய்விடுமோ என்பதுதான் அது. தலைமுறைகளாக ஊரார் பொதுவாக ஆண்டுவந்த கரை அது. உங்கள் தந்தை அங்கே போய் உட்கார்ந்திருப்பது, அந்த இடம் யாருடையது என்பதை நாள்தோறும் சொல்லும் வழியாகவும் இருக்கலாம்.

2005 கோடையில், தற்காலிகக் குடியிருப்பு ஒன்றில் ஒரு பகல் முழுவதும் இருந்தேன். தார் பூசிய அட்டைகளால் அமைந்த சுவர்கள். உள்ளே ஒரு நாழிகைகூட உட்கார முடியாத வெக்கை. பெண்கள் பிள்ளைகளோடு வெளியே நிழல் தேடி அலைந்தார்கள், ஆனால் நிழல் தர ஒரு மரமும் அங்கே விட்டுவைக்கப்படவில்லை. அவ்வாண்டு இறுதியில் பெய்த பெருமழையில் தாழ்வான இடங்களிலிருந்த அத்தகைய கொட்டகைகளில் நீர் புகுந்தது. அங்கிருந்த மூதாட்டி ஒருவர் என்னிடம், “அலை ஒரு நாள் அடித்தது, இது தினமும் அடிக்கிறது” என்றார். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட ஒன்று, இருக்கப் போகிறவரைக் கேட்காமல் செய்யப்பட்டதால் என்னவாயிற்று என்பதை அங்கேதான் கண்ணால் கண்டேன்.

கேட்டுச் செய்த இடங்களும் உண்டு. தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வீடு கட்டியபோது, கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸ் குழுவினர் குடும்பம் குடும்பமாகப் பேசி, அவரவர் மனைக்கும் தேவைக்கும் ஏற்ப அமைப்பை மாற்றினார்கள். நிற்கும் மரங்களைக் காத்தார்கள். அதற்கு நாள் கூடுதலாகப் பிடித்தது. வேறு சில ஊர்களில் மரங்களை வெட்டி, மேட்டை நிரவி, ஒரே அச்சில் வீடுகளை எழுப்பி, விரைவில் சாவியைக் கையில் கொடுத்தார்கள். இன்று உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கூரைப் பூச்சு உதிரும் வீடுகளில், அன்று குழந்தைகளாக இருந்தவர்கள் மணமுடித்துத் தம் பிள்ளைகளோடு நெருக்கியடித்து வாழ்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கென்று தந்த வீடு இரண்டு, மூன்று குடும்பங்களைத் தாங்குகிறது.

ஆகவே உங்கள் தந்தையைத் தடுக்காதீர்கள். அவர் பகலில் கரையிலும் இரவில் மேட்டிலும் இருப்பது, நான் அறிந்தவரை, இந்தச் சிக்கலுக்கு அம்மக்கள் தாமே கண்ட மிக நல்ல தீர்வு. உங்களால் இயலுமானால் ஊர்ப் பஞ்சாயத்தாரோடு பேசி, கரையில் வலை பின்னுவதற்கும் எஞ்சின்களைப் பூட்டி வைப்பதற்கும் ஒரு பொதுக்கூடம் கேட்டு மனுக் கொடுங்கள். இடிந்த சுவரின் அருகே உட்காருவதைவிட அவருக்கு அது பாதுகாப்பு.

2005 இல் எங்கள் அலுவலகத்தில் பணம் திரட்டிப் படகு வாங்க அனுப்பினோம். அது உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நினைப்பதுண்டு.
— வாசகர், கும்பகோணம்

உங்கள் படகு யாரோ ஒருவரின் அடுப்பை எரியவைத்திருக்கும். அதில் ஐயம் வேண்டாம். ஆனால் படகு கொடுப்பதே எல்லோருக்கும் எளிதாகவும் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருந்ததால், பல ஊர்களில் ஃபைபர் படகுகள் அலைக்கு முன்பிருந்ததைவிடக் கூடுதலாயின. முன்பு பிறர் படகில் கூலிக்குப் போனவர்கள் உரிமையாளர் ஆனார்கள். சில இடங்களில் படகுக்கு ஆள் கிடைக்கவில்லை. படகே இல்லாதவர்களின் இழப்பு பலருடைய கணக்கிலும் ஏறவில்லை. தலைச்சுமையாக மீன் விற்ற பெண்கள் இழந்தது ஒரு கூடையும் கைமுதலும்தான். அவற்றுக்குப் படிவத்தில் இடம் இல்லை. உப்பங்கழிகளில் கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும், கரைக்கு உட்புறம் வாழ்ந்த தலித் கூலித் தொழிலாளர்களும், மீனவர்கள் அல்லர் என்பதாலேயே பல இடங்களில் நிவாரணப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். உப்புநீர் ஏறிய வயல்கள் ஜிப்சம் இட்டும் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிரை மடக்கி உழுதும் நல்ல மழை பெய்தும் தேறிவந்தன. அந்த வயலில் நாற்று நட்டுப் பிழைத்தவருக்கு இடைக்காலத்தில் வேலை இல்லை. அடுத்த முறை எங்கேனும் உதவ நேர்ந்தால், பட்டியலில் இல்லாதவர் யார் என்பதை முதலில் கேளுங்கள்.

இனி ஒரு முறை வந்தால் நமக்கு முன்கூட்டியே தெரியுமா?
— வாசகி, கடலூர்

தெரியும். ஹைதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபர் முதல் இயங்குகிறது. நிலநடுக்கம் நிகழ்ந்த சில நிமிடங்களில் அறிவிப்பு வெளியிடுகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது நம் கரையில் மக்கள் உடனே வெளியேறினார்கள், பேரலை வரவில்லை. அன்று வீணாக ஓடினோம் என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். எச்சரிக்கை வராவிட்டாலும் கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலோ உள்வாங்கினாலோ நின்று பார்க்க வேண்டாம்; ஓர் அலை போய்விட்டது என்று திரும்பவும் வேண்டாம்.

அம்மா, நான் திருமணமாகிக் கரையோர ஊருக்கு வந்தவள். என் மாமியார் சுனாமியில் இரண்டு குழந்தைகளை இழந்தவர். என் கணவர் அதன் பிறகு பிறந்தவர். இறந்த அண்ணனின் பெயரையே அவருக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் அத்தை உண்ணாமல், பேசாமல் இருக்கிறார். அன்று நான் எப்படி நடந்துகொள்வது?
— வாசகி, ஊர் வேண்டாம்

மகளே, உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். அக்காலத்தில் கரையோரப் பெண்களில் பலர், இரண்டு, மூன்று பிள்ளைகளுக்குப் பின் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். பிள்ளைகள் அனைவரையும் இழந்த தாய்மார்களுக்காக, அதை மாற்றும் அறுவை சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்ய முன்வந்தது. அதற்குச் சென்ற பெண்கள், இழப்பின் ஈரம் காயாத நிலையிலேயே மறுபடி மேசையில் படுத்தவர்கள். எல்லோருக்கும் அது பலிக்கவில்லை. உங்கள் அத்தையும் அப்படிச் சென்றவரா என்பது எனக்குத் தெரியாது; நீங்களாகக் கேட்கவும் வேண்டாம். ஆனால் அலைக்குப் பின் பிறந்த பிள்ளைக்குப் போனவன் பெயரை வைத்த தாய், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் இருவரைக் கூப்பிடுகிறார் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் கணவரும் அதை அறிந்தே வளர்ந்திருப்பார். அவரிடமும் அந்நாளில் ஒரு மௌனம் இருக்கும்.

அன்று அவரைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். “நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடுங்கள்” என்று சொல்லவே சொல்லாதீர்கள். ஊரார் கரைக்குப் பால் கொண்டுபோய்க் கடலில் ஊற்றும்போது, சொம்பை நீங்கள் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடங்கள். வேறொரு நாளில், மீன் ஆய்ந்துகொண்டோ அரிசி புடைத்துக்கொண்டோ இருவரும் தனியே இருக்கும்போது, “மூத்த பிள்ளைக்கு என்ன குழம்பு பிடிக்கும் அத்தை?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் கையிலிருக்கும் வேலையை நிறுத்தாமல், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள். சொல்லாவிட்டால் அந்தக் கேள்வியை அவரிடமே விட்டுவிடுங்கள். ஒரு நாள் அவரே வந்து அந்தக் குழம்பை வைத்துத் தரக்கூடும்.