மாடித் தக்காளி: வளர்ப்பதும் பாட்டிலில் அடைப்பதும்

*கேள்வி: திருவொற்றியூரில் மாடித் தோட்டம் வைத்திருக்கிறோம். காய்களின் அடிப்பகுதி கறுத்து, தோல் போல அமுங்கிவிடுகிறது. பூச்சிமருந்து அடித்தும் பயனில்லை.*

இது பூச்சியும் அல்ல, நோயும் அல்ல. வளரும் காயின் நுனிக்குப் போதிய சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வரும் நுனியழுகல். மண்ணில் அந்தச் சத்து இருந்தாலும், ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் வேரால் அதை ஒரே சீராக இழுக்க முடியாது. உங்கள் பகுதியில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிய பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. உப்பு மிகுந்த மண்ணில் செடி தண்ணீரையும் சுண்ணாம்புச்சத்தையும் எடுக்கத் திணறும். தேங்காய் நார்க்கழிவிலும் இயல்பாகவே உப்பு உண்டு என்பதால், பையில் நிரப்புமுன் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்துகொள்ளுங்கள்.

செடிக்குக் குழாய்த் தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ ஊற்றுங்கள். போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை என்றால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பையின் அடித்துளை வழியே வழிந்தோடும் அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுங்கள். கறுத்த காய் இனித் தேறாது. பறித்துவிட்டால் அடுத்த காய்களுக்கு வலு சேரும்.

*கேள்வி: வியாசர்பாடியில் சித்திரை மாதத்தில் செடி நிறையப் பூக்கிறது, ஆனால் எல்லாம் உதிர்ந்துவிடுகிறது.*

பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் குறையாதபோது மகரந்தம் மலடாகிவிடும்; அப்போது எந்த உரம் போட்டும் பலனில்லை. ஐப்பசிக் கடைசியில் மழை படாத இடத்தில் விதைத்து, கார்த்திகைக் கடைசியில் பைக்கு மாற்றினால் மாசியில் பழம் பறிக்கலாம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 ரகம் நம் ஊருக்கு ஒத்துவரும். இலைச்சுருள் நோய் அடிக்கடி தாக்கும் மாடியாக இருந்தால், பெங்களூரின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா ரக்‌ஷக் நல்லது.

*கேள்வி: மாசியில் ஒரேயடியாகப் பழுத்துவிடுகிறது. அரைத்து பாட்டிலில் அடைத்து ஆறு மாதம் வைக்க ஆசை. புளிப்பான பழம்தானே, எலுமிச்சை உப்பு சேர்க்கத்தான் வேண்டுமா?*

கட்டாயம் சேர்க்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க என் மனம் ஒப்புவதில்லை. காற்றுப் புகாமல் மூடிய பாட்டிலில் பாட்டுலிசம் என்னும் கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி, அமிலத்தை அளக்கும் பி.ஹெச். எண் 4.6-க்கு மேலிருந்தால் (எண் கூடக்கூட அமிலம் குறைவு) வளரக்கூடும். தக்காளியோ அந்தக் கோட்டின் இருபுறமும் நிற்கிற பழம்: ரகத்தையும் பழுத்த பதத்தையும் பொறுத்து ஏறத்தாழ 4.3 முதல் 4.9 வரை மாறும். சர்க்கரை மிகுந்தால் புளிப்பு மறையுமே தவிர அமிலம் மாறாது. ஆகவே நாக்கை நம்பி இதை முடிவு செய்ய முடியாது. நஞ்சு கலந்த பாட்டில் நிறத்திலோ மணத்திலோ காட்டிக்கொடுக்காமலும் இருக்கலாம்.

500 மில்லி பாட்டிலுக்குக் கால் டீஸ்பூனுக்குக் குறையாமல் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், போடுங்கள். எலுமிச்சம்பழத்தின் புளிப்பு பழத்துக்குப் பழம் வேறுபடுவதால் கையால் பிழிந்த சாறும் புளிக்கரைசலும் இதற்கு ஈடாகா. தோலுரித்து நசுக்கிய தக்காளியைக் கொதிக்கவிட்டு, சூடாகவே நிரப்பி, மேலே அரை அங்குலம் இடம் விட்டு, புது மூடியால் மூடுங்கள். பிறகு பாட்டில் முழுதும் மூழ்கி, மேலே ஓர் அங்குலம் நீர் நிற்கும்படி 45 நிமிடம் விடாமல் கொதிக்க வையுங்கள். நேரத்தைத் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பின்பே எண்ண வேண்டும். பட்டுப்போன செடியின் பழத்தில் அமிலம் குறைந்திருக்கும். அதை அடைக்க வேண்டாம்.

*கேள்வி: அப்படியானால் தொக்கையும் இதே முறையில் அடைக்கலாமா? பிரஷர் குக்கரில் வைத்தால் போதாதா?*

இரண்டும் வேண்டாம். எண்ணெயும் வெங்காயமும் பூண்டும் சேர்ந்தால் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. எண்ணெய் மிதந்தால் கெடாது என்ற நம்பிக்கை இந்தக் கிருமியிடம் எடுபடாது, ஏனெனில் காற்றில்லாத இடமே அதற்கு விருப்பமானது. வீட்டுக் குக்கர் பாட்டில் அடைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. தொக்கைச் சிறிய அளவில் கிளறிக் குளிர்பெட்டியில் வையுங்கள். நெடுநாள் வேண்டுமென்றால் பிரீசரில் உறையவிடுங்கள்.