உதறுதா, குலுங்குதா, அதிருதா?

கேள்வி: கார்ல 80-க்கு மேல போனா வைப்ரேஷன் வருது. ரெண்டு தடவ அலைன்மென்ட் பண்ணியும் போகல. என்னதான் பண்றது?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: "வைப்ரேஷன்"னு பொத்தாம்பொதுவா சொன்னீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தையிலதான் உங்க ரெண்டு அலைன்மென்ட் காசும் போச்சு. உதறுது, குலுங்குது, அதிருது, வெட்டுது, இழுக்குதுன்னு தமிழ்ல எத்தன வார்த்தை இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கோளாறு. பழைய மெக்கானிக்குங்க வண்டிய தொடறதுக்கு முன்னாடி "எங்க உதறுது, எப்ப உதறுது"ன்னுதான் கேப்பாங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும்.

ஸ்டியரிங் கையில உதறினா முன்வீல்ல பாருங்க, ஸ்டியரிங் சும்மா இருந்து சீட்டு அதிர்ந்தா பின்வீல். பிரேக் மிதிச்சா மட்டும் உதறி பெடல் கால தள்ளுதுன்னா பிரேக் டிஸ்க் ஒரே தடிமனா இல்லாம தேஞ்சிருக்கும். ஆக்ஸிலரேட்டர் அழுத்தினா குலுங்கி, கால எடுத்தா நின்னுடுச்சுன்னா என்ஜின் சுழற்சிய வீலுக்குக் கொண்டுபோற டிரைவ் ஷாஃப்டோட ஜாயின்ட் மேல சந்தேகப்படுங்க. சிக்னல்ல நிக்கும்போதே அதிர்ந்தா வீல் பக்கமே போகாதீங்க, என்ஜினத் தாங்குற மவுண்டிங், ஸ்பார்க் பிளக் அந்தப் பக்கம் போங்க.

உங்களுது 80-க்கு மேலதான் வருதுன்னா மொதல்ல பாக்க வேண்டியது வீல் பேலன்சிங். அலைன்மென்ட் வேற, பேலன்சிங் வேறன்னு நான் எத்தன வருஷமா இந்தப் பக்கத்துல கத்திட்டு இருக்கேன்! வீல் எந்தப் பக்கம் பாத்து நிக்குதுங்கறது அலைன்மென்ட், அது கெட்டா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் கோணலா தேயும். சுத்தும்போது ஒரு பக்கம் கனம் கூடிப்போனா அது பேலன்சிங். 14 இஞ்ச் ரிம்ல ஒரு ஓரமா வெறும் 30 கிராம் கூடுதலா இருந்தா 100 கிலோமீட்டர் வேகத்துல அது கிட்டத்தட்ட 5 கிலோ பலத்தோட நொடிக்கு 15 தடவ வீல இழுத்து அடிக்கும். அப்ப 40-ல ஏன் தெரியலன்னா, வேகம் பாதியானா அந்த பலம் கால்வாசிதான், அதோட வீலும் அதத் தாங்குற ஸ்பிரிங் அமைப்பான சஸ்பென்ஷனும் சேர்ந்து தானா துள்ளுற ஒரு கணக்கு உண்டு, நொடிக்கு 10லேர்ந்து 15 தடவ, வீல் சுத்துறதும் 80, 100-ல அந்தக் கணக்குக்கு வந்துடும், ஊஞ்சல சரியான நேரத்துல தள்ளுற மாதிரி ஆட்டம் ஏறிக்கிட்டே போகும்.

எனக்கும் இப்படித்தான் ஆச்சு. ஒரு மழைக்காலத்துல கிராமத்து மண்ரோட்ல போய்ட்டு வந்ததுலேர்ந்து உதறல், ஒரு கடையில அலைன்மென்ட் பண்ணி பில்லக் குடுத்து அனுப்பிட்டாங்க, கடைசில பஞ்சர் கடைத் தம்பி வீலக் கழட்டி ரிம்முக்கு உள்பக்கம் காஞ்சு ஒட்டியிருந்த சேத்த ஸ்க்ரூ டிரைவரால சுரண்டி எடுத்தாரு, போயே போச்சு. பேலன்சிங்குக்கு முன்னாடி ரிம் உள்பக்கத்த கழுவச் சொல்லுங்க. கனத்த ஈடுகட்ட ரிம்ல சின்ன வெயிட் ஒட்டின பிறகு இன்னொரு தடவ சுத்தவிட்டு மெஷின் ரெண்டு பக்கமும் சைபர் காட்டுதான்னு பக்கத்துல நின்னு பாருங்க. அப்பவும் போகலன்னா டயர் எங்கயாவது பொடைச்சிருக்கா, ரிம் நெளிஞ்சிருக்கான்னு பாக்கணும், முன்வீல பின்னாடி மாத்திப் போட்டா உதறலும் கூடவே பின்னாடி போகுதான்னு தெரிஞ்சிடும்.

டயர் கடைக்குப் போனா "டயர்ல நைட்ரஜன் அடிச்சா சரியாயிடும் சார்"னும் சொல்லுவாங்க, அது சரிவராதுன்னு நான் முன்னாடி எழுதினப்ப வந்த கோபக் கடிதமெல்லாம் இன்னும் பத்திரமா இருக்கு, ஆனா நான் மாத்திக்கிறதா இல்ல: நாம சுவாசிக்கிற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், கனம் ஏறின வீல எந்தக் காத்தும் சரி பண்ணாது.

ஒண்ணு மட்டும் தள்ளிப்போடாதீங்க. டயர் மாத்தின மறுநாளே உதறல் ஆரம்பிச்சிருந்தாலோ, நாளுக்கு நாள் கூடிட்டே போனாலோ, வீல் நட்டு லூசா இருக்கலாம். கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே ஸ்பேனரப் போட்டு நாலு வீலயும் பாத்துடுங்க.