அம்மாவின் முழங்காலும் ஏஜென்ட் சொல்லும் பெரிய விமானமும்

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. இடது முழங்கால் சரியாக மடங்காது. படி ஏற முடியாது, சமதளத்தில் மெதுவாக நடப்பார். லண்டனில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போகிறார். சென்னையிலிருந்து நேரடியாகப் போவது போயிங் 787. "அது சின்ன விமானம், 11 மணி நேரம் அடைந்து கிடக்க வேண்டும்" என்கிறார் டிராவல் ஏஜென்ட். துபாய் வழியாகப் போனால் அங்கிருந்து ஏ380 என்ற இரண்டு தளப் பெரிய விமானம், வீடு மாதிரி இருக்குமாம். 14,000 ரூபாய் மிச்சமாம். முதல் விமானம் ஒரு நிறுவனம், இரண்டாவது வேறு நிறுவனம். மேற்கொண்டு 6,000 ரூபாய் கொடுத்தால் எமர்ஜென்சி கதவருகே கால் நீட்டும் சீட் வாங்கித் தருகிறாராம். எது அம்மாவுக்கு வசதி? — ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நேரடி விமானத்திலேயே அனுப்புங்கள். 6,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

ஏ380 மோசமான விமானம் இல்லை. சத்தம் குறைவு, ஆட்டம் குறைவு, எனக்கே பிடித்த விமானம்தான். ஆனால் கல்யாண மண்டபம் பெரியது என்பதற்காக இலையைப் பெரிதாகப் போடுவார்களா? 787-ல் ஒரு வரிசைக்கு மூன்று மூன்று மூன்றாக 9 பேர். ஏ380-ன் கீழ்த்தளத்தில் மூன்று, நான்கு, மூன்றாக 10 பேர். ஏ380 சீட் ஒரு அங்குலம் போல அகலம் கூடுதல் என்பது உண்மை. உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு வேண்டியது அகலம் இல்லை, முன்னால் இருக்கும் இடம். ஒரு சீட்டின் முதுகிலிருந்து முன் சீட்டின் முதுகு வரை சாதாரண வகுப்பில் இரண்டிலும் 31, 32 அங்குலம்தான்.

விமானத்தின் பெயரை வைத்து வசதியைக் கணக்கிடுவதே தவறு. போயிங் 787-ல் வரிசைக்கு 8 சீட் வசதியாகப் போடலாம். ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் வெளிநாட்டு விமானங்களில் அப்படித்தான் போட்டிருக்கிறது. மற்றவர்கள் ஏறக்குறைய எல்லோரும் 9. போயிங் 777-ல் முன்பு 9 போட்டார்கள், இப்போது பெரும்பாலும் 10. விமானம் அதேதான், உட்காருபவரின் தோள்தான் இடிபடுகிறது. எந்த ஊருக்கு எந்த விமானம் என்று முடிவு செய்கிறவர்கள் பார்ப்பது சீட் நிரம்புமா, எரிபொருள் எவ்வளவு ஆகும், அடியில் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்பதைத்தான். துபாய் மாதிரி நாற்பது ஊர்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கும் இடத்தில் 500 சீட் ஏ380 நிரம்பும். சென்னையிலிருந்து லண்டனுக்கு மட்டும் அத்தனை சீட்டைத் தினமும் நிரப்ப முடியாது. அதனால்தான் 200 பேர் சுமாராக ஏறும் 787. இதில் உங்கள் அம்மாவுக்குக் குறைவாக எதுவும் செய்துவிடவில்லை.

சொல்லப்போனால், பழைய விமானங்களோடு ஒப்பிட்டால் அவருக்கு ஒரு லாபமும் இருக்கிறது. பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரையில் உள்ள அளவுக்கு இருக்காது. மலை மேல் இருப்பது போலத்தான். பழைய விமானங்களில் அது 8,000 அடி வரை போகலாம், அதாவது ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவே எங்கோ உட்கார்ந்திருப்பதற்குச் சமம். 787-ன் உடம்பு அலுமினியம் இல்லை, கார்பன் இழை. கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும். அதனால் 6,000 அடியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அது குன்னூர். இறங்கும்போது தலைவலியும் களைப்பும் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது "முதல் விமானம் ஒரு நிறுவனம், இரண்டாவது வேறு நிறுவனம்" என்ற வரி. அந்த 14,000 ரூபாய் எங்கிருந்து மிச்சமாகிறது என்று நினைக்கிறீர்கள்? இரண்டும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கிறதா என்று ஏஜென்டிடம் கேளுங்கள். "எல்லாம் ஒன்றுதான் மேடம்" என்று சொன்னால் காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். இரண்டு தனித்தனி டிக்கெட்டை ஒட்டித் தருவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. அப்படி இருந்தால் துபாயில் அம்மா குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு அமீரக விசா வேண்டும். டெர்மினலும் வேறாக இருக்கலாம். அங்கே இரண்டாவது டெர்மினல் ஓடுபாதைகளுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சென்னை விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் "நீங்கள் வரவில்லை" என்று சீட்டை ரத்து செய்யும், பணமும் போகும். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, ஒப்பந்தம் அப்படி. அந்த நேரத்தில் ஏஜென்டின் போன் அணைந்திருக்கும். நான் விமான நிலையத் தரைப்பணியில் 22 வருடம் இருந்தவன். இந்த வித்தையில் சிக்கி, கையில் பிளாஸ்டிக் கவருடன் கவுன்ட்டரில் நின்று அழுத பெரியவர்களை எண்ணி முடியாது.

எமர்ஜென்சி கதவு சீட் இன்னும் மோசம். ஆபத்தில் அந்தக் கதவைத் திறந்து மற்றவர்களை இறங்கவிடும் தெம்பு உள்ளவர்களுக்கு மட்டுமே அங்கே இடம் தருவார்கள். சக்கர நாற்காலி கேட்ட பயணியை அங்கே உட்காரவிடவே மாட்டார்கள். ஒருமுறை, உங்கள் அம்மா வயதுள்ள ஒருவரைப் பணிப்பெண் அந்த சீட்டிலிருந்து எழுப்பி, மீதமிருந்த ஒரே நடு சீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்ததைப் பார்த்தேன். காசு வாங்கியவருக்கு இந்த விதி தெரியாதா? நன்றாகத் தெரியும்.

அப்புறம் எந்த சீட்? நடைபாதை ஓரம். அதிலும் எந்தப் பக்கம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. மடங்காதது இடது கால். அப்படியானால் நடைபாதை அவருக்கு இடது கைப்பக்கம் வர வேண்டும். 787-ல் விமானத்தின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்தால் ஏ என்பது இடது ஜன்னல், சி-க்கு வலது பக்கம் நடைபாதை. சி வேண்டாம். நடு வரிசையின் இடது ஓரமான டி-யில் நடைபாதை இடது பக்கம் வரும். வலது ஜன்னல் வரிசையின் ஓரத்திலும் அப்படியே வரும். ஆனால் அங்கே உள்ளே இருக்கும் இரண்டு பேரும் கழிப்பறைக்குப் போக இவர்தான் எழுந்து வழிவிட வேண்டும். டி-யில் அந்தத் தொல்லை பாதிதான், நடுவில் இருப்பவர் எந்தப் பக்கமும் போகலாம். தள்ளுவண்டி வரும்போது மட்டும் காலை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் வரிசை, சுவருக்கு எதிரே இருப்பது, பார்க்க விசாலமாக இருக்கும். ஆனால் சாதாரண வரிசையில் பாதத்தை முன் சீட்டுக்கு அடியில் நீட்டலாம், அங்கே சுவர் மறிக்கும். கைப்பிடியும் தூக்க வராது. தொட்டில் மாட்டுவதும் அங்கேதான். இரவு முழுக்கக் குழந்தைக் கச்சேரி. வலது கால் மடங்காதவர்கள் இதையெல்லாம் அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்: சி அல்லது எஃப்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். 11 மணி நேரத்துக்கு மட்டுமில்லை, துபாய்–லண்டன் ஏழரை மணி நேரத்துக்கும் இது பொருந்தும். அடிக்கடி எழுந்து நாலு அடி நடக்கட்டும். இறுக்கமான காலுறை வேண்டுமா என்று அவருடைய மருத்துவரைக் கேளுங்கள்.

கடைசியாக, சீட்டைவிட முக்கியமானது சக்கர நாற்காலி. ஏஜென்ட்கள் கண்ணை மூடிக்கொண்டு "டபிள்யூ-சி-எச்-ஆர்" என்று போட்டுவிடுவார்கள். அதன் பொருள், தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார் என்பது. விமானம் தூரத்தில் நின்றால் பேருந்தில் கொண்டுபோய்ப் படிக்கட்டின் அடியில் விட்டுவிடுவார்கள். அங்கே நின்று "எனக்குப் படி ஏற வராது" என்று சொல்ல வேண்டியவர் உங்கள் அம்மா. படி ஏற முடியாதவருக்கு வேண்டியது "டபிள்யூ-சி-எச்-எஸ்". அதைப் பார்த்தால்தான் தூக்கி ஏற்றும் வண்டிக்கு ஏற்பாடு செய்வார்கள். "சி" என்று முடியும் மூன்றாவது வகை சீட் வரை சுமந்து செல்ல வேண்டியவர்களுக்கு. அதைக் கேட்டால் மருத்துவச் சான்று, துணைக்கு ஆள் என்று ஆரம்பிப்பார்கள். ஒரு எழுத்தில் இத்தனை இருக்கிறது, ஆனால் எந்த நிறுவனமும் இதைப் பயணிக்குப் புரிகிற பாஷையில் எழுதி வைப்பதில்லை.

48 மணி நேரத்துக்கு முன்பே இதைப் பதிய வேண்டும். ஏஜென்ட் பதிந்ததாகச் சொன்னாலும் நிறுவனத்துக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். விமானம் கடைசி நேரத்தில் மாறவும் கூடும். சில 787-களில் பொருத்தியிருக்கும் ட்ரென்ட் 1000 வகை இன்ஜின் தொல்லையால் பல நிறுவனங்கள் அப்படி மாற்றியிருக்கின்றன. இந்த விமானம்தான் வரும் என்று எந்த டிக்கெட்டும் உறுதி தராது. மாறினால் சீட் எண்ணும் மாறும், ஆகவே கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவு இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். ஏஜென்ட் அனுப்பும் பதிவில் ஒரே பி.என்.ஆர்., டி சீட், "எஸ்" என்று முடியும் அந்த நான்கு எழுத்து, மூன்றும் இருந்தால் மட்டும் பணத்தைக் கட்டுங்கள்.